குவாரி வண்டி

என் மாமனார் வெள்ளைச்சாமி அந்த வண்டியை டிராக்டருக்குப் பின்னால் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு வந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சங்கிலியைக் கழற்றிவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று பெருமையாகச் சொன்னார். இப்போதைக்கு ஒரு சக்கரம்கூட இழுக்கவில்லையே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அப்போதெல்லாம் எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை, கேலி பண்ணவும் தெம்பில்லை. மிச்சத் துணியையும் காயப்போட்டு முடித்தேன்.

கல்குவாரி ஒன்றில் பல வருஷம் ஓடி, பிறகு அங்கேயே ஓரமாகக் கிடந்த வண்டி. நீளமான உடம்பு, ஐந்து கதவு, கடைசியில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட்டு. என்ன நிறம் என்று யாராவது கேட்டால் குவாரி நிறம் என்றுதான் சொல்ல வேண்டும். கதவைத் திறந்ததும் காலில் கல்மாவு கொட்டியது. நடுச் சீட்டின் கிழிந்த பஞ்சுக்குள் ஏதோ ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்துக் குடும்பத்தோடு காலி பண்ணிப் போயிருந்தது. முட்டை ஓடு மட்டும் கிடந்தது.

மாமியார் காத்தாயி வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தார். இதை யார் ஓட்டுவது என்று கேட்டார். மாமனார் சங்கிலியைச் சுருட்டினார். அத்தையே பதிலையும் சொல்லிக்கொண்டார்.

"பிரசாந்து வந்து ஓட்டட்டும். அப்பத்தான் நான் இதுல ஏறுவேன்."

பிரசாந்த் அவர்களுடைய ஒரே மகன். என் கணவர். கல்யாணமாகி, கார்த்திகா பிறந்து, அவள் நடக்கத் தொடங்கியபோது சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போனார். பாலைவனத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. வாரம் தவறாமல் பேசினார். ஒரு நாள் போன் அணைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. கம்பெனியில் கேட்டால், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்றார்கள். கூடத் தங்கியிருந்தவர்கள், சாமான் வாங்க டவுனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்றார்கள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம், கொடுத்துக்கொண்டே இருந்தோம். அங்கே ஒரு கடைவீதியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஒரு விபத்தில் அடையாளம் தெரியாமல் போனவர்களில் ஒருவராக இருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். நாலு வருஷமாக இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் எங்கள் வீடு நிற்கிறது.

முதல் வருஷம் அழுதேன். பிறகு நின்றுவிட்டது. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி. என்னுடைய கால்தான், கண்ணுக்குத் தெரிகிறது, கிள்ளினால் ஒன்றும் தெரியவில்லை. புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். நாள் முழுக்க மனிதர்கள் வருகிறார்கள், பட்டுப்புடவை எடுக்கிறார்கள், சிரிக்கிறார்கள். நானும் சிரித்துப் பையை நீட்டுகிறேன். அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை.

கஷ்டமெல்லாம் என் நெற்றியைப் பார்ப்பவர்களுக்குத்தான். புருஷன் இருக்கிறவளா இல்லாதவளா என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வளைகாப்பு, காதுகுத்து என்று போனால் குங்குமத் தட்டு வரிசையாக வந்து என் முன்னால் மட்டும் கொஞ்சம் தயங்கும். தட்டைப் பிடித்திருப்பவள் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். நானே கையை நீட்டி எடுத்தால் ஒரு பேச்சு, எடுக்காவிட்டால் ஒரு பேச்சு. அதனால் விசேஷங்களுக்குப் போவதை விட்டேன். பொட்டை மட்டும் விடவில்லை. பெரிய ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற நான் அதைவிடச் சின்னது, அதையும்விடச் சின்னது என்று வாங்கி, கடைசியில் மிளகு அளவுக்கு வந்திருந்தேன். அத்தை தினமும் காலையில் என் நெற்றியைப் பார்ப்பார். பொட்டு இருந்தால் அவர் மகன் இருக்கிறான். என்றைக்காவது அவசரத்தில் மறந்து கிளம்பினால், "பொட்டு வச்சுக்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். போலீஸ்காரர் ஹெல்மெட் கேட்பது போல இருக்கும்.

வண்டி ஒன்று தேவை என்பது உண்மைதான். எங்கள் வீடு வயலுக்குள் இருக்கிறது. தார்ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் செம்மண் பாதை, பாதையின் குறுக்கே ஒரு வாரி, மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம். ஐப்பசியில் கண்மாய் நிறைந்துவிட்டால் வாரியில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூட வேன் ரோட்டோடு நின்றுவிடும். என் ஸ்கூட்டியை இக்கரையில் போட்டுவிட்டு, கார்த்திகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து, அக்கரையில் பஸ்ஸுக்கு நிற்பேன். அவளைத் திருக்கோகர்ணத்தில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஈரப்புடவையோடு பட்டுப்புடவைக்குப் பில் போடுவேன். அவளோ இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், என் இடுப்போ அவள் கூட வளரவில்லை.

எங்கள் பாதை ரோட்டிலிருந்து பிரிகிற விலக்கில் பட்டறை வைத்திருக்கிற பெலிக்ஸ், ஆவூர்க்காரர், வண்டியைப் பார்த்துவிட்டு இஞ்சின் பிழைத்துக்கொள்ளும், உடம்புதான் சந்தேகம் என்றார். நாலு சக்கரமும் இழுப்பது என்பது பேச்சுக்குத்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டையே குவாரிக்காரர்கள் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். டீசல் மிச்சமாகும் என்று செய்திருப்பார்கள் என்றார் பெலிக்ஸ். மாமனார் மறுபடி குவாரிக்குப் போய், ஷெட்டில் தேடி, அந்தத் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கரும்பு வாங்கி வந்த மாதிரி சுவரில் சாய்த்து வைத்தார்.

உள்ளே கழுவுகிற வேலை எனக்கு வந்தது. கடை விடுமுறை நாட்களில் செய்தேன். தரையில் கொட்டிய கல்மாவு வருஷக்கணக்காக மழைத்தண்ணீர் குடித்துச் சிமெண்டாக இறுகியிருந்தது. உளியும் சுத்தியலும் வைத்துக் கொத்தினேன். கொத்தக் கொத்தத் தகடு வந்தது, தகட்டில் ஓட்டை வந்தது, ஓட்டை வழியே எங்கள் களம் தெரிந்தது. கார்த்திகா ஓட்டைக்குள் காலை விட்டு வண்டிக்குக் கீழே விரல்களை ஆட்டினாள். பெலிக்ஸ் அழுகிய இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். சுவரில் சாய்ந்திருந்த தண்டையும் எடுத்து மாட்டினார். பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் என்று மாதங்கள் போயின. வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் எதுவுமே பிடிக்கவில்லை, எதுவும் பிடிக்காமலும் இல்லை. வண்டிக்குள் குனிந்து கொத்தும்போது யாரும் என் நெற்றியைப் பார்க்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

முதல் முறை இஞ்சின் பிடித்தபோது களம் முழுக்கப் புகை. பெலிக்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். மாமனார் இஞ்சின் மூடி மேல் கையை வைத்து அது நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். ஓட்டுகிற சீட்டில் பெலிக்ஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

வண்டிக்கு வெள்ளை அடித்தார்கள். சீட்டுக்குப் பழுப்பு ரெக்சின் போட்டார்கள். ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று எஃப்.சி. வாங்கினார்கள். யார் ஓட்டுவது என்பது மட்டும் பாக்கி. மாமனாருக்கு டிராக்டர் தவிர எதுவும் வராது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, சாதத்தைப் பார்த்தபடி, நான் டிரைவிங் ஸ்கூலில் சேர வேண்டும் என்று சொன்னார். அத்தை குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவன் எடத்துல நீ ஒக்காரப் போறியா?"

இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இதையும் சொல்லவில்லை. சேர்ந்தேன், கற்றேன், லைசென்ஸ் வாங்கினேன். அத்தை கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பேசாததும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வண்டி தினமும் ஓடத் தொடங்கியது. பள்ளிக்கூடம், கடை, சந்தை, உர மூட்டை. ஊரில் எல்லோரும் அதைக் குவாரி வண்டி என்றே சொன்னார்கள். அத்தை சொன்ன சொல் மாறவில்லை. ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போனார். ஒரு தடவை வெயிலில் வந்துகொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் நிறுத்தி ஏறச் சொன்னேன். வெயில் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் மெதுவாக அவருக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். மாடு ஓட்டிவருகிற மாதிரி இருந்தது. யார் மாடு, யார் ஓட்டுகிறவர் என்று கேட்காதீர்கள்.

பெயர் ஒட்டுகிற பேச்சை எடுத்தது அத்தைதான். எங்கள் பக்கம் வண்டிக் கண்ணாடியைப் படித்தால் ஒரு குடும்பமே தெரிந்துவிடும். முன் கண்ணாடியில் இருப்பவர்கள் பெயர், பெரும்பாலும் பிள்ளைகள். பின் கண்ணாடியில் இறந்துபோனவர்கள் பெயர், கீழே பிறந்த தேதி, மறைந்த தேதி. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே வருகிற வேனில் ஒரு பெயரைப் பார்த்தால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று தெரியும். அதே பெயரைக் கடந்து போகிற வேனின் முதுகில் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும்.

முன் கண்ணாடியில் மேலே பிரசாந்த், கீழே கார்த்திகா என்று ஒட்ட வேண்டும் என்றார் அத்தை. ஊரில் பெயரில்லாமல் ஓடுகிற வண்டி இது ஒன்றுதான் என்றார். மாமனார் சரி என்று தலையாட்டினார். நானும் சாவியை எடுத்தேன். எங்கே என்ன ஒட்டினால் எனக்கென்ன என்றிருந்தது. அது பொய். முன்னால் ஒட்டிவிட்டால் இனி ஆயுசுக்கும் மிளகுப் பொட்டுதான் என்று உள்ளே எங்கோ தெரிந்தது. தெரிந்தும் வலிக்கவில்லை.

புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முகமது அஸ்வர் என்கிற இளைஞனின் ஸ்டிக்கர் கடை. மீமிசல் பக்கத்துப் பையன். வண்டியையும் மாமனாரையும் கடைக்கு முன்னால் விட்டுவிட்டு, கார்த்திகாவுக்கு மழைக்கோட்டு வாங்கப் போனேன். மஞ்சள் இருந்தது, ஊதா இருந்தது. எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியாமல் நின்றுவிட்டு மஞ்சளை எடுத்தேன். திரும்பி வந்தபோது முன் கண்ணாடியில் கார்த்திகா என்று சிவப்பில் வளைவாக ஒட்டியிருந்தது. மேலே இடமே விடவில்லை. அஸ்வர் மறந்துவிட்டானா என்று கேட்பதற்காகச் சுற்றிப் பின்னால் போனேன்.

பின் கண்ணாடியில் பிரசாந்த் என்று இருந்தது. வெள்ளை எழுத்து. அஸ்வர் கடைசி எழுத்தைத் துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். மாமனார் பக்கத்தில் நின்று ஒரு கையால் வண்டியின் விளிம்பைப் பிடித்திருந்தார். அஸ்வர் நிமிராமலே கேட்டான்.

"கீழ தேதி போடணுமாய்யா? பொறந்தது, மறைஞ்சது?"

"பொறந்த தேதி தெரியும்," என்றார் மாமனார். கொஞ்சம் நின்று, "மத்தது தெரியாது," என்றார்.

"அப்ப பேரு மட்டும் இருக்கட்டுங்களா?"

"பேரு மட்டும் இருக்கட்டும்."

அஸ்வர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் நெற்றியைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான். துணியை மடித்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தும் சாவியைப் போடவில்லை. கோபம் வந்தது. நாலு வருஷத்தில் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே மாமா என்றேன். அவர் மடியில் மழைக்கோட்டுப் பையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"கேட்டா என்னத்தா சொல்லுவ? ஒன் வாயால எப்படிச் சொல்லுவ? ஒங்க அத்தை எந்தக் காலத்துலயும் சொல்ல மாட்டா. பெத்தவன் நான்தான் சொல்லணும்."

மழைக்கோட்டுப் பையின் வாயை மடித்து மடித்து விட்டார்.

"ஒன்னைய இங்கிட்டும் இல்லாம அங்கிட்டும் இல்லாம நிறுத்தி வச்சிருக்கோம். நாலு வருசமா. அவன் வருவான்னு எனக்கு இருந்திருந்தா, ஒன்னைய ஓட்டக் கத்துக்கன்னு சொல்லியிருப்பேனா?"

அழ வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தது. கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தேன். வரவில்லை. சாவியைத் திருகினேன். பின்னால் வண்டி வருகிறதா என்று நிமிர்ந்து பார்த்தபோது, ஓட்டுகிறவர் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் பிரசாந்த் என்று நேராக இருந்தது. வெளியிலிருந்து படிப்பதற்காக ஒட்டிய பெயர். உள்ளிருந்து திரும்பிப் பார்த்தால் இடவலம் மாறித்தான் தெரியும். இந்தக் கண்ணாடியில் பார்க்கிற எனக்கு மட்டும் சரியாகத் தெரிந்தது.

திருக்கோகர்ணத்தில் கார்த்திகாவை ஏற்றிக்கொண்டோம். முன்னால் தன் பெயரைப் பார்த்துத் துள்ளினாள், பின்னால் போய்ப் பார்க்கவில்லை. வழியில் மழை பிடித்தது. வாரியில் தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. முன்சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதற்காக நான் இறங்கி, அவற்றின் நடுவில் இருக்கிற குமிழ்களைத் திருகிப் பூட்டிவிட்டு வந்து, சின்ன லீவரை இழுத்துவிட்டேன். வண்டி முனகிக்கொண்டே இறங்கி, நாலு சக்கரத்தாலும் சேற்றைப் பிடித்து அக்கரை ஏறியது. நாலு சக்கரமும் இழுக்கிறது என்று முதல் நாள் அவர் சொன்னது உண்மையாகிவிட்டது. கார்த்திகா மட்டும் கை தட்டினாள்.

அத்தை குடை பிடித்துக்கொண்டு களத்துக்கே வந்து நின்றார். முன் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பெயர்தான் இருந்தது. பேத்தியை வீட்டுக்குள் அனுப்பினார். மாமனார் இறங்கி, யாரையும் பார்க்காமல் மாட்டுக்கொட்டகைக்குப் போனார். அத்தை வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தார். நான் ஓட்டுகிற சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வாரிச் சேறு அடித்துப் பின் கண்ணாடி முழுக்கச் செம்மண்ணாக இருந்தது. எதுவும் தெரியாது, அப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் குடையைக் கீழே வைத்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துத் துடைத்து, உதடு அசைய, கூட்டிப் படித்தார். சின்னக் கண்ணாடியில் எனக்கு அவர் முகமும் அந்தப் பெயரும் தெரிந்தன. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குடையை எடுக்காமலே உள்ளே போனார். நான் குடையை எடுத்துப் போய்த் தாழ்வாரத்தில் விரித்து வைத்தேன்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. நேரமாகிவிட்டது என்று கார்த்திகாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். வண்டியின் நடுச் சீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தார். கண்டாங்கிச் சேலை கட்டி, மடியில் பையை வைத்து, பஸ்ஸில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடியில் பெயர் இருந்தது. எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். கோயிலுக்கு என்றார். எந்தக் கோயில் என்று சொல்லவில்லை. நான் இஞ்சினைக் கிளப்பி, சின்னக் கண்ணாடியைச் சரிசெய்தபோது அவர் கண் என் நெற்றிக்கு வந்தது. அவசரத்தில் பொட்டு வைக்க மறந்திருந்தேன். மறந்ததுதான், வேறு எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அத்தை பையைத் திறந்தார். ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை எடுத்தார். என் பழைய அட்டை, பெரிய பொட்டு, நான் எப்போதோ அலமாரியில் போட்டு மறந்தது. ஒன்றைப் பிய்த்து, சீட்டுக்கு மேலாக எக்கி, விரல் நுனியில் நீட்டினார்.

"வச்சுக்கத்தா. அவன் இல்லாட்டி என்ன. ஒனக்கு நல்லாருக்கும்."

வாங்கி ஒட்டிக்கொண்டேன். வண்டியை எடுத்தேன். வாரி வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது. கார்த்திகா பயந்து என்னைப் பார்த்தாள். அத்தை பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார், எடுக்கவில்லை. நான் வண்டியை நிறுத்தவில்லை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.